எடுக்கக் கூடாத போன்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வீட்டு ஆள் கூப்பிட்டால் போனை எடுக்கக் கூடாது. ஊரில் வேறு யார் கூப்பிட்டாலும் எடுத்து மணிக்கணக்கில் பேசலாம், தடையில்லை. நாங்கள் மூன்று பேர் எங்களுக்குள் கூப்பிட்டால் மட்டும், அடிப்பதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு ரிங் வந்து நின்றால் 'நான் நல்லா இருக்கேன்'. இரண்டு ரிங் வந்து நின்றால் 'உடனே வா'. பதிலுக்கும் ரிங்தான். மற்றதெல்லாம் மெசேஜில்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. என் கணவர் பூபதிக்கு ஈரோட்டில் மஞ்சள் மண்டி. ஏலம் நடக்கும்போது போனில் பேச முடியாது. நான் பல் டாக்டர். என் இரண்டு கையும் எப்போதும் யாராவது ஒருவருடைய வாய்க்குள் இருக்கும். அதனால் கல்யாணமான புதிதில் ஆரம்பித்த வழக்கம் இது. இப்போது ஆழ்கடலுக்குள் போனவரோடும் முகம் பார்த்துப் பேசலாம், மிஸ்டு கால் என்ற சொல்லே இளசுகளுக்குத் தெரியாது. நாங்கள் மட்டும் விடவில்லை. எங்கள் மகள் இனிகா மழலை பேசுவதற்கு முன்பே மிஸ்டு கால் கொடுத்தாள் என்று பூபதி மண்டிக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

அந்த இனிகாவுக்குப் பதினொரு வயதானபோது நாங்கள் நார்வேக்குக் கிளம்பினோம். கிளம்புவதற்கு முன்னால் பூபதி வாங்கிய முதல் சாமான் ஸ்வெட்டர் அல்ல, 'இழை' என்ற கம்பெனியின் போன் இணைப்பு.

"எந்த நாட்டுக்குப் போனாலும் பாப்பா போன் கட்டே ஆகாது மோகனா! மலை உச்சி, நடுக்கடல், எங்கிருந்தாலும் பதில் வந்துரும்னு எழுதிக் கொடுத்திருக்கான்!" என்று குதித்தார்.

விளம்பரத்தில் அப்படித்தான் இருந்தது. 'உங்கள் குழந்தை எந்த நாட்டிலும் பதில் சொல்லாமல் இருக்காது.' அந்த வாக்கியத்தை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு வார்த்தை பொய்யில்லை அதில்.

நார்வேயின் வடகோடியில் ஒரு துறைமுக ஊர். அதன் பெயரைச் சொல்ல என் நாக்கு கடைசிவரை ஒத்துழைக்கவில்லை. கோடையில் அங்கே சூரியன் மறைவதே இல்லை. சிவப்பு மர வீடுகள், வெட்டிக் காயப்போட்ட மீன்கள், மூக்கைத் துளைக்கும் வாடை, எதிரே கடலில் சின்னச் சின்னத் தீவுகள். அதில் ஒன்று பறவைத் தீவு. ஆரஞ்சு நிற அலகோடு, கோமாளி வேஷம் போட்ட மாதிரி ஒரு கடற்பறவை அங்கே ஆயிரக்கணக்கில் கூடு கட்டும். இனிகா ஒரு வருஷமாக அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

அன்று காலை பூபதி உளறிவிட்டார். ஜாம் தடவிக்கொண்டே, "அடுத்த வருசம் ஊட்டி ஹாஸ்டல்ல இந்தக் குளுரெல்லாம் உனக்கு சாதாரணமாயிரும் கண்ணு" என்றார்.

இனிகாவின் கை ரொட்டியிலேயே நின்றது. ஹாஸ்டல் பற்றி அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. ஊர் திரும்பும்போது மெதுவாகச் சொல்வதாக இருந்தோம். பூபதியின் அக்கா பிள்ளைகள் எல்லாரும் அங்கே படித்தவர்கள். அவர் முடிவு செய்தார், நான் தலையாட்டினேன். தலையாட்டிய பிறகு எத்தனையோ முறை 'வேண்டாமுங்க' என்று அவருக்கு மெசேஜ் எழுதி, அனுப்பாமலே அழித்திருக்கிறேன்.

"அம்மா, நிஜமா?" என்று என்னைத்தான் கேட்டாள்.

"அப்புறம் பேசலாம். பால் ஆறுது பாரு" என்றேன்.

அவள் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தாள்.

துறைமுகத்துக்கு வந்ததும் பூபதி காயும் மீன்களைப் படம் எடுக்கப் போனார். நான் கம்பளிக் கடைக்குள் நுழைந்தேன். இனிகா வாசலில் நின்றாள். அரை நிமிஷத்துக்கு ஒருதரம் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள், நான் ஒரு கையுறையின் விலையை விசாரித்துத் திரும்புவதற்குள் காணாமல் போயிருந்தாள். அப்பாவிடம் போயிருப்பாள் என்று நினைத்து, இன்னும் சில கையுறைகளைப் போட்டுப் பார்த்த பிறகே 'எங்க இருக்க?' என்று அனுப்பினேன். உடனே பதில் வந்தது. 'அப்பாகூட இருக்கேன்மா. மீன் நாறுது.'

சரிதான் என்று நிம்மதியாகக் கையுறை பார்த்தேன். சாவகாசமாக இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினேன். நடுவில் 'குளிருதா?' என்று கேட்டதற்கு, 'இல்லம்மா, ஜாக்கெட் போட்டிருக்கேன்' என்று பதில் வந்தது. எவ்வளவு நல்ல பிள்ளை, காலையில் நடந்ததை மறந்துவிட்டாள் என்று பூரித்துக்கூடப் போனேன்.

கடைசியில் பூபதி தனியாக நடந்து வந்தார்.

"பாப்பா எங்கீங்க?"

"உன்கூடத்தானே இருக்கறா?" என்று போனைக் காட்டினார். அதில், 'அம்மாகூட கடையில இருக்கேன்ப்பா. நீங்க மெதுவா வாங்க' என்று இருந்தது. என் போனைக் காட்டினேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கை தானாகவே போனுக்குப் போனது. இரண்டு ரிங் விடலாம் என்று அழுத்தினேன். உடனே வா. எங்கிருந்தாலும் ஓடி வா.

முதல் ரிங்கிலேயே எடுத்தாள். "சொல்லும்மா" என்றாள்.

இனிகாவின் குரல்தான். அதே கொஞ்சல், அதே லேசான மூக்கடைப்பு. என் மகள் பிறந்ததிலிருந்து என் போனை எடுத்ததே இல்லை.

"ஏனுங்க, இது பாப்பா இல்லீங்க!" என்று அந்தத் துறைமுகமே திரும்பிப் பார்க்கும்படி அலறினேன்.

"என்ன அக்கா? ஏன் குழறுறியள்? ஆரைத் தேடுறியள்?"

தமிழ்! வடதுருவத்துக்குப் பக்கத்தில்! செல்போன் கோபுரத்தின் ஏணியிலிருந்து ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பெண் இறங்கி வந்தாள். பெயர் சுகந்தினி. அவளுடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். இவள் இங்கேயே பிறந்து, படித்து, இந்தக் கரையோரத்துக் கோபுரங்களுக்கெல்லாம் இன்ஜினியர். நான் திக்கித் திணறிச் சொன்னதைக் கேட்டாள். 'இழை' என்ற பெயர் வந்ததும் அவள் முகம் மாறியது.

"குடும்பத் திட்டமோ? அப்ப ஒட்டுப் போட்டிருக்கு" என்றாள்.

"ஒட்டுன்னா?"

"நாங்கள் வேலையில அப்பிடித்தான் சொல்லுறது. கிழிஞ்ச சட்டைக்குப் போடுற ஒட்டு மாதிரி. பிள்ளையின்ர போனுக்கு சிக்னல் இல்லாமல் போனால் அந்த இடைவெளியைக் கம்பனியே நிரப்பும். பிள்ளை என்ன சொல்லுவாவோ அதை, பிள்ளையின்ர குரலிலயே சொல்லும்."

"அவ என்ன சொல்லுவான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கள் எல்லாரும் இவ்வளவு நாளும் எழுதினது, கதைச்சது எல்லாத்தையும் படிச்சு வைச்சிருக்கும். அனுப்பினதை மட்டும் இல்லை அக்கா, எழுதிப்போட்டு அழிச்சதையும். சம்மதம் குடுக்கேக்க அதெல்லாம் ஆர் வாசிக்கினம்?"

பூபதி தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இப்படி ஒரு பித்தலாட்டத்தை எவன் கேட்டான்?"

"சனம்தான் கேட்டது, அண்ணா. 'பிள்ளை பதில் சொல்லேல்லை, பிள்ளை பதில் சொல்லேல்லை' எண்டு உலகம் முழுக்க முறைப்பாடு. பதில் வரவேணும் எண்டுதான் கேட்டவை. பிள்ளை எங்க நிக்குது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

பேசிக்கொண்டே தன் கையிலிருந்த கருவியைத் தட்டினாள். இந்தக் கோபுரத்துக்கு ஒட்டு கிடையாதாம். உண்மையான போன் எது, எப்போது விலகிப் போனது என்று அதற்குத் தெரியுமாம். இனிகாவின் போன் நான் கையுறை பார்த்த நேரத்திலேயே கடல் பக்கமாக நகர்ந்து மறைந்திருந்தது. பறவைத் தீவுப் படகு! சுகந்தினி வயர்லெஸ்ஸில் படகோட்டியைப் பிடித்தாள். அவர்கள் பாஷை எனக்குப் புரியவில்லை. அவள் புருவம் சுருங்கியது மட்டும் புரிந்தது.

"மஞ்சள் ஜாக்கெட் போட்ட பிள்ளை ஒரு பெரிய குடும்பத்தோட ஏறி இறங்கினவவாம். அவையின்ர பிள்ளை எண்டு நினைச்சிருக்கிறார். திரும்பி வரேக்க அவை மட்டும்தான் வந்தவை. இப்ப தீவைப் பனிமூட்டம் மூடிட்டுது, இனிப் படகு விடேலாதாம்."

மேலே பளிச்சென்று வெயில். கடலில் மட்டும், தீவு இருந்த இடத்தில், வெள்ளையாக ஒரு சுவர் எழும்பி நின்றது.

"அங்க என்ன இருக்கு?" என்றேன்.

"குருவியள். ஒரு பழைய மரக் கொட்டில். மற்றப்படி மூண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. நடந்து திரியாமல் இருந்தாச் சரி." கடலோரக் காவலுக்குச் சொல்லிவிட்டு, "அவை வர நேரம் சுணங்கும். என்ர படகு கிட்ட நிக்குது. கெதியா வாங்கோ!" என்று ஓட ஆரம்பித்தாள்.

ஓடினோம். என் வாழ்நாளில் நான் அப்படி ஓடியதில்லை. பூபதி கேமராவைத் தூக்கி மீன் கூடைமேல் எறிந்துவிட்டு ஓடினார். படகு கிளம்பியதும் அலைமேல் ஏறிக் குதித்து, ஏறிக் குதித்துப் பறந்தது. உப்புத் தண்ணீர் முகத்தில் அறைந்தது. சுகந்தினி ஒரு கையால் படகை ஓட்டிக்கொண்டே மறு கையால் காலடியில் இருந்த பெட்டியைக் காட்டினாள். அது கையடக்கக் கோபுரமாம். கோபுரம் பழுதாகும்போது அந்த ஊருக்குத் தற்காலிகமாகச் சிக்னல் கொடுக்க வைத்திருப்பது. தீவை நெருங்கினால் இனிகாவின் போன் இதைப் பிடித்துக்கொள்ளும்.

"அப்ப பேசிரலாமா?" என்று பூபதி துள்ளினார்.

"ஏலாது, அண்ணா. ஒட்டு ஒருக்கா விழுந்தால், நீங்கள் அடிக்கிற ஒவ்வொரு போனையும் அதுதான் முதல்ல பிடிக்கும். பிள்ளையின்ர போனுக்குப் போகவே விடாது. ஒட்டைக் கழட்டினால்தான் வழி."

"கழட்டுங்க!"

"நான் கழட்டேலாது. அப்பாவும் அம்மாவும்தான் சொல்ல வேணும்."

படகின் சாட்டிலைட் இணைப்பில் 'இழை'யின் உதவி எண்ணைப் போட்டோம். செய்தி வாசிப்பது போல் ஒரு பெண் குரல். "வணக்கம். உங்கள் குழந்தை தற்போது முழுமையான தொடர்பில் இருக்கிறார். துண்டித்தால் அவர் உங்களுக்குப் பதில் அளிக்காமல் போகக்கூடும். பெற்றோர் இருவரும் தனித்தனியே 'துண்டிக்கவும்' என்று சொல்லவும்."

"துண்டிக்கவும்!" என்று கத்தினேன்.

"நன்றி. தந்தை முடிவெடுக்கும் முன், உங்கள் குழந்தை பேச விரும்புகிறார்."

பாவிகள்! எந்த வியாபாரிக்கு இப்படி மூளை வேலை செய்யும்?

"அப்பா" என்றது இனிகாவின் குரல். "ஏம்ப்பா கட் பண்றீங்க? நான் நல்லாத்தானே இருக்கேன். கட் பண்ணிட்டா எப்படிப்பா உங்ககிட்டப் பேசுவேன்?"

பூபதி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது இரண்டாவது முறை. "மோகனா, பாப்பா குரலும்மா இது. இதையும் கட் பண்ணிட்டு, அங்க போயி ஒண்ணுமே இல்லீன்னா? இதாவது இருக்கட்டுமே…"

எனக்கும் அதே பயம்தான். அந்தக் குரலை விடாமல் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. பொய் என்று தெரிந்தும் தோன்றியது. ஆனால் அது பேசப் பேச எனக்குள் ஒன்று மட்டும் கெட்டியாகிக்கொண்டே வந்தது.

"ஏனுங்க, நம்ம பாப்பா எடுத்துப் பேசுவாளாங்க? என்னிக்காவது பேசியிருக்கறாளா? பேசறது எதுவோ அது பாப்பா இல்லீங்க. பேசாம இருக்கறதுதான் பாப்பா!"

அவர் கண்ணைத் துடைத்தார். குரல் இன்னும் 'அப்பா, அப்பா' என்று கொஞ்சிக்கொண்டிருந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "துண்டிக்கவும்" என்றார்.

குரல் நின்றது. எஞ்சின் சத்தமும் அலைச் சத்தமும் மட்டும் மிச்சம். மூட்டத்துக்குள் நுழைந்ததும் அவையும் அமுங்கிப்போயின. படகின் மூக்கே கண்ணுக்குத் தெரியவில்லை. சுகந்தினி வேகத்தைக் குறைத்து, பெட்டியின் மூடியைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தோம். பச்சைக்கு மாறியது.

"ஒரு போன் வந்திட்டுது!" என்று கத்தினாள். "அடியுங்கோ அக்கா!"

இரண்டு ரிங் விட்டேன். நிறுத்தினேன். யாரும் எடுக்கவில்லை. அடடா, யாரும் எடுக்கவில்லை! ஒரு போனை யாரும் எடுக்காததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மடியில் இருந்த போன் அதிர்ந்தது. ஒன்று. இரண்டு. நின்றது.

உடனே வா.

"வர்றேன் சாமி, வர்றேன்!" என்று மூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன். எந்தப் பக்கம் கத்துவது என்றுதான் தெரியவில்லை. பெட்டிக்குத் தூரம் தெரியும், திசை தெரியாதாம். அப்போதுதான் பூபதி என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"விடாம அடி மோகனா! நிறுத்தாத! அவ ரிங்டோன் என்னன்னு மறந்துட்டியா?"

எப்படி மறந்தேன்! ஈரோட்டிலிருந்து பவானி போகும் தனியார் பஸ்ஸின் ஏர் ஹாரன். இனிகாவே பஸ் ஸ்டாண்டில் நின்று பதிவு செய்தது. அதை மாற்றச் சொல்லி நான் எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறேன்.

அடித்தேன். முதலில் ஒன்றுமில்லை. சுகந்தினி எஞ்சினை நிறுத்தினாள். பிறகு இடது பக்கம், வெகு தூரத்தில், அந்த வெள்ளைக்குள்ளிருந்து கேட்டது. பாம்… பப்பப்பாம்… பப்பப்பாம்! ஆயிரம் பறவைகள் ஒரே சமயத்தில் அலறிக்கொண்டு எழும்பின. வடதுருவக் கடலில் பவானி பஸ் வந்துகொண்டிருந்தது. பூபதி சிரித்தார், அழுதார், சுகந்தினியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அவள் சத்தம் வந்த பக்கம் படகைத் திருப்பினாள். நான் நிறுத்தவே இல்லை. அவளும் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் ஹாரன் நின்றிருக்கும்.

கொட்டில் சுவரோடு முதுகை ஒட்டி, மஞ்சள் ஜாக்கெட்டுக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தாள். அவளைத் தாண்டிப் பத்தடியில் தரை முடிந்து, மூட்டம் ஆரம்பித்தது. என்னைப் பார்த்ததும் முதலில் எழுந்திருக்கவில்லை. என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். கையைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் ஓவென்று அழுதாள்.

படகில் போர்வை சுற்றி உட்காரவைத்த பிறகு, கதை துண்டு துண்டாக வந்தது. கோபத்தில்தான் படகேறியிருக்கிறாள். பறவைகளைப் பார்த்துவிட்டு அடுத்த படகிலேயே திரும்பிவிடுவதாக எண்ணம். தீவில் இறங்கியதும் எனக்கு மெசேஜ் போட்டிருக்கிறாள். உடனே பதில் வந்திருக்கிறது.

"'அங்கேயே இரு, அசையாத, நானும் அப்பாவும் வந்துட்டிருக்கோம்'னு போட்டிருந்துச்சும்மா. அதான் எல்லாரும் படகு ஏறும்போது நான் ஏறல."

எனக்குப் புரியவில்லை. சுகந்தினிதான் மெதுவாகச் சொன்னாள். "ஒட்டு ரெண்டு பக்கமும் போடுறது, அக்கா. பிள்ளையின்ர போனுக்குள்ள உங்கட ஒட்டும் ஒண்டு இருக்கு. பிள்ளை பயப்பிடாமல் இருக்க."

ஆக, நான் கையுறை வாங்கிக்கொண்டிருந்தபோது, நானே என் மகளைப் பாறை ஓரத்தில் உட்காரவைத்திருக்கிறேன்.

"படகு போனப்புறம் பயமா இருந்துச்சு. ரெண்டு ரிங் விட்டேன். நீ எடுத்துட்ட" என்றாள் இனிகா. "'என்ன கண்ணு'ன்ன. அப்பவே தெரிஞ்சுபோச்சு, அது நீ இல்லன்னு."

"தெரிஞ்சுமா பேசிட்டிருந்த?"

"வேற யாரு இருந்தாங்க அங்க?" என்றாள். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "பேசிட்டே இருந்துச்சு. திடீர்னு நின்னுருச்சு. அப்புறம் ரெண்டு ரிங் வந்துச்சு, யாரும் பேசல. அப்பாடான்னு இருந்துச்சு" என்றாள்.

மூட்டத்தை விட்டு வெளியே வந்தோம். சுகந்தினி எஞ்சினை முடுக்கினாள். இனிகா படகின் முன்பக்கம் அப்பாவின் மடியில் சாய்ந்திருந்தாள், நான் பின்னால் பெட்டியோடு. அந்தச் சத்தத்தில் ஒரு சொல்லும் காதில் விழாது. என் போன் அடித்தது. இனிகா.

ஒன்று. இரண்டு. மூன்று. நிறுத்தவில்லை அவள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு விடாமல் அடித்தாள். எங்கள் அகராதியில் இல்லாத மூன்றாவது ரிங். நான் சட்டத்தை மீறி எடுத்தேன். அவள் உடனே என் உதட்டைப் பார்த்தாள்.

"நிஜ அம்மாதான். வாய் அசையுது பாரு" என்றேன்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் காதுக்குள். "ஹாஸ்டலுக்கு அனுப்பாதன்னு அந்த அம்மாகிட்டச் சொன்னேன். எனக்கும் அனுப்ப இஷ்டமே இல்ல கண்ணு, அப்பாகிட்டச் சொல்லப் பயமா இருக்குன்னு சொல்லுச்சு. நிறைய தடவை எழுதி அழிச்சுட்டேன்னு சொல்லுச்சு." போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். "அது சும்மா எனக்காகச் சொன்னதாம்மா?"

பூபதியைப் பார்த்தேன். போன் அவள் காதிலும் அவர் காதுக்குப் பக்கத்திலும் இருந்தது. அவரும் என் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல கண்ணு" என்றேன், அவர் கண்ணைப் பார்த்தே. "அதைச் சொன்னது நான்தான்."

அவள் போனை வைத்துவிட்டாள். பூபதி அவள் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டார். பிறகு சட்டைப் பையைத் துழாவித் தன் போனை எடுத்தார்.

என் போன் ஒரு முறை அடித்து நின்றது. நான் நல்லா இருக்கேன். நான் எடுக்கவில்லை.